கல்கத்தாவில் எட்டு நாட்கள்

சங்கத்தின் விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருதல் வேண்டுமென மலராசிரியர் கேட்டபொழுது, நான் முதலில் எண்ணியது நம் கல்லூரி நாட்களைப் பற்றியே. ஆயின், அவற்றை என்னிலும் நன்றாக எழுதவல்ல மூத்தோர் பலர் இம்மலரில் எழுதுவர். விடுதிச் சாப்பாட்டையும் துடுப்பாட்டப் போட்டிகளையும் அவர்களுக்கே விட்டுவிட்டு, கல்லூரியை விட்டு நீங்கிய பின் நான் தனியே மேற்கொண்ட ஒரு பிரயாணத்தை இங்கே சொல்லக் கருதுகிறேன். அப்பிரயாணத்துக்கு வித்திட்டது நம் கல்லூரி வகுப்பறையே. அன்றியும், ஐம்பது ஆண்டுகளாக நான் எவரிடமும் முழுமையாகச் சொல்லாத குற்றம் ஒன்றும் கடன் ஒன்றும் அதில் அடங்கியுள்ளன. அவற்றைச் சொல்வதற்கு இதனினும் ஏற்ற இடம் எனக்கு இனி வாய்க்குமோ அறியேன்.

எங்களுக்குத் தமிழ் கற்பித்த பண்டிதர், ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் ஒரு பாடவேளையைப் பாடநூலுக்குக் கொடார். சுவாமி விவேகானந்தர் மேனாட்டிலிருந்து மீண்டு 1897 ஜனவரி 15ஆம் நாள் கொழும்பில் இறங்கியதையும், அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றிப் பேசியதையும், பின்னர்க் கடல் கடந்து பாம்பன் சென்றதையும் தாம் நேரிற் கண்டவர் போலச் சொல்வார். சொல்லி முடித்ததும், "அவர் பிறந்த நகரத்தை உங்களில் ஒருவனாவது போய்ப் பார்த்து வந்து எனக்குச் சொல்லவேண்டும்" என்பார். பண்டிதர் கடல் கடந்தறியாதவர். பின்வரிசையில் இருந்த என் மனத்தில் அச்சொல் எப்படியோ தங்கிவிட்டது.

1975ஆம் ஆண்டு நான் சென்னையில் ஒரு கல்லூரியிற் பயின்றுகொண்டிருந்தேன். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு மிக இறுக்கமாயிருந்த காலம் அது. வீட்டில் வசதி இருப்பினும் இந்தியாவுக்குப் பணம் அனுப்புதல் எளிதன்று. வருவது அளந்தே வரும். அதில் மிச்சம் பிடித்து, சித்திரையிற் பரீட்சை முடிந்தவுடன் இராமேசுவரம் சென்று கப்பலேறித் தலைமன்னார் வழியாக ஊர் வந்து சேரவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. அவ்வாண்டு வைகாசியில் என் தந்தையாரின் திவசம் வந்தது. அவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் ஒரே மகன்.

பரீட்சை குறித்த நாளிலேயே முடிந்துவிட்டது. நானோ, பரீட்சை பிந்திவிட்டதென்றும், திவசத்துக்கு வந்து சேர இயலாதென்றும், சிறிய தந்தையாரைக் கொண்டு அதனைச் செய்விக்குமாறும் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். அது முழுப் பொய். கையில் இருந்த மிச்சப் பணத்தைக் கொண்டு கல்கத்தா சென்று வருவதென்று முடிவு செய்திருந்தேன். இருபது வயதில் மனிதன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் நியாயங்களுக்குக் குறைவில்லை. திவசம் அடுத்த ஆண்டும் வரும், இந்த வாய்ப்பு வாராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஊர் திரும்புவதற்கான பணத்தை விடுதித் தோழன் ஒருவனிடம் ஒப்படைத்தேன். கல்கத்தாவுக்குப் போகவும் வரவும் இரண்டாம் வகுப்புச் சீட்டு வாங்கிய பின் கையில் எஞ்சியது 60 ரூபாய். எட்டு நாட்களுக்கு நாளொன்றுக்கு 7 ரூபாய் வீதம் 56. மீதி 4 ரூபாய் ஆபத்துக்கு. இந்தக் கணக்கை ஒரு சிறு கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிக் கீழே கோடிட்டேன். ஊரிலிருந்து வந்த நண்பன் ஒருவன் வழியாக அம்மா அனுப்பியிருந்த பருத்தித்துறை வடை ஒரு தகரம் நிறைய இருந்தது. பொய் சொல்லிப் புறப்பட்டவன் அம்மா தந்த வடையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டதை இன்று நினைக்கையிற் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

சென்னை சென்ட்ரல் நிலையத்திலிருந்து ஹௌரா மெயில் இரவிற் புறப்பட்டது. இரண்டு இரவும் ஒரு பகலும் இருக்கைப் பலகையிலேயே கழிந்தன. மறுநாள் கோதாவரிப் பாலத்தின் மீது வண்டி ஓடும்பொழுது, எதிரே இருந்த ஆந்திர முதியவள் காசு ஒன்றைக் கண்களில் ஒற்றி ஆற்றில் எறிந்தாள். பெட்டியில் இருந்தோர் பலரும் அவ்வாறே செய்தனர். நான் என் பையில் இருந்த 5 பைசாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டேன். மாலையிற் சில்கா ஏரி வந்தது. கடலோ ஏரியோ எனப் பிரித்தறிய முடியாத அந்நீர்ப்பரப்பைக் கண்டபொழுது நம் ஊர்க் களப்பு நினைவுக்கு வந்தது. திவசத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறதென்ற நினைவும் கூடவே வந்தது.

ஹௌரா நிலையத்தை விட்டு வெளியே வந்தவன் கண்ணுக்கு முதலில் தோன்றுவது பாலம். 1943இல் திறக்கப்பட்ட அப்பாலத்துக்கு ஆற்றின் நடுவே தூண் ஒன்றும் இல்லை. ஏறக்குறைய 26,500 தொன் எஃகினால் அமைந்த அதனை ஆணியும் மரையும் இன்றித் தறையாணிகளால் மட்டுமே இணைத்திருக்கின்றனர். 1965இல் அதற்கு ரவீந்திர சேது எனத் தாகூரின் பெயரை இட்டனர். ஆயினும் மக்கள் ஹௌரா பாலம் என்றே வழங்கினர். அக்காலத்தில் டிராம் வண்டிகளும் அதன் மீது ஓடின. 1993 முதல் அவை அதன்மேற் செல்வதில்லை. டிராமில் இரண்டு பெட்டிகள். முன்பெட்டி முதல் வகுப்பு; அதில் மின்விசிறி சுழலும். பின்பெட்டி இரண்டாம் வகுப்பு. அதற்கு ஆற்றுக்காற்றே விசிறி. எட்டு நாளும் நான் பின்பெட்டிப் பிரயாணியாகவே இருந்தேன். எனினும், முதல்நாள் அப்பாலத்தை நடந்தே கடந்தேன். தலையிற் கூடை சுமந்தோர், கைவண்டி இழுப்போர், அலுவலகம் செல்வோர் என்று ஓர் ஊரின் திருவிழாக் கூட்டம் முழுவதும் நாள்தோறும் காலையில் அதன் மீது நடப்பதைக் கண்டேன்.

பராபஜாரில் மார்வாடி வணிகர் அமைத்த தர்மசாலை ஒன்றில் மூன்று இரவு தங்க இடம் கிடைத்தது. வெப்பம் தாங்காது எல்லோரும் மொட்டைமாடியிற் படுத்தோம். மீனின்றி உண்ணாத நகரத்திற் சைவ உணவுக்கு என் செய்வது என்று அஞ்சியிருந்தேன். அதே தெருவில் மார்வாடிகளின் சைவச் சாப்பாட்டுக் கடைகள் இருந்தன. பகலில் ஒரு வேளை அங்கே ரொட்டியும் பருப்பும். இரவிற் கடுகெண்ணெயும் பச்சைமிளகாயும் சேர்த்துக் குலுக்கித் தாளில் மடித்துத் தரும் பொரி. இடையிடையே சிறு மண்குவளையில் தேநீர். தேநீரைக் குடித்ததும் குவளையை நிலத்தில் எறிந்து உடைத்துவிடுவர். அதனை உடைக்க எனக்கு முதலில் மனம் வரவில்லை. மூன்றாம் நாள் நானும் உடைத்தேன்.

இரண்டாம் நாள் பேலூருக்குச் சென்றேன். 1938இல் பிரதிட்டை செய்யப்பட்ட ஸ்ரீ ராமகிருஷ்ணர் ஆலயத்தையும், 1902 ஜூலை 4இல் விவேகானந்தர் உடலை நீத்த அறையையும் கண்டு வணங்கினேன். அங்கிருந்து படகில் ஆற்றைக் கடந்து, ராணி ராஷ்மணி 1855இல் எழுப்பிய தட்சிணேசுவரம் காளி கோவிலுக்குப் போனேன். மறுநாள், சுவாமிகள் 1863இற் பிறந்த வீட்டைத் தேடி நகரின் வடபகுதிச் சந்துகளில் அலைந்தேன். பண்டிதர் சொல்லக் கேட்டு நான் மனத்திற் கட்டியிருந்த மாளிகை வேறு. கண்ட வீடு வேறு. சுவர் வெடித்துச் சாந்து உதிர்ந்து கிடந்தது. பல குடும்பங்கள் அதிற் குடியிருந்தன. கொடியில் உலர்ந்த துணிகளுக்கிடையே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன். பின்னர் ராமகிருஷ்ண மிஷனார் அதனைப் பெற்றுப் புதுப்பித்து 2004இல் திறந்தனர்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் கல்லூரித் தெரு. நான் சென்ற நாளில் அங்கிருந்த பிரசிடென்சிக் கல்லூரி 1817இல் தொடங்கிய பொழுது அதன் பெயர் என்ன தெரியுமா? இந்துக் கல்லூரி. 1855இலேதான் அது பெயர் மாறியது. ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் கற்பித்த அவ்வாயிலில் நின்று, 'நானும் ஓர் இந்துக் கல்லூரி மாணவனே' என்று சொல்லிக்கொண்டபொழுது நெஞ்சு சற்று நிமிர்ந்தது. வெளிச்சுவரை ஒட்டி நெடுகிலும் பழைய புத்தகக் கடைகள். கடை என்பது பலகையும் தகரக் கூரையுமே. அவற்றுள் ஒன்றில், எனக்குப் பாடமாயிருந்த பொருளியல் நூலின் பழம்பிரதி ஒன்றைக் கண்டேன். கடைக்காரர் எட்டு ரூபாய் கேட்டார். நாற்பது வயது இருக்கலாம். ஆங்கிலம் நன்றாகப் பேசினார். நான் கணக்குக் கொப்பியைப் புரட்டுவதைக் கண்டு நகைத்து, ஆறு ரூபாய்க்குத் தந்தார். அதற்காக இரண்டு நாட் பகலுணவை விட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த இரண்டு நாளும் நான் ஏதோ பெருந்தவம் செய்பவன் போலக் கருவங்கொண்டிருந்தேன். இரவில் தர்மசாலைக்குத் திரும்பும்பொழுது நடைபாதையெங்கும் குடும்பம் குடும்பமாக மக்கள் படுத்திருப்பர். ஒரு தாய் மூன்று செங்கல்லின் மீது சட்டி வைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான்கு பிள்ளைகள் சட்டியையே பார்த்தபடி சுற்றியிருந்தனர். என் பட்டினி என்று வேண்டுமானாலும் நான் முடித்துக்கொள்ளக்கூடியது. அப்பிள்ளைகளின் பட்டினி அத்தகையதன்று. சிக்கனம் என்று நான் கொப்பியில் எழுதி மகிழ்ந்தது வெறும் விளையாட்டு என்பது அன்று எனக்குப் புலப்பட்டது.

ஐந்தாம் நாள் அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்தைப் பார்க்கச் சென்றேன். முன்னர் ஆங்கில ஆட்சியாளரின் மாளிகையாயிருந்த பெல்வெடியரில் 1953 முதல் அந்நூலகம் இயங்கிவந்தது. பேராசிரியர் வையாபுரிப்பிள்ளை சேர்த்த தமிழ் நூல்கள் அங்கேதான் பேணப்பட்டு வருகின்றன. வங்காளத்தின் தலைநகரில் தமிழ் எழுத்தைக் கண்டதும் கண்ணிற் படிந்த தூசு கழுவினாற்போல் இருந்தது. அந்த மகிழ்ச்சியோடு மாலையில் நெருக்கடியான பேருந்து ஒன்றிற் தொற்றிக்கொண்டு திரும்பினேன். இறங்கிப் பார்த்தேன், சட்டைப்பையைக் காணவில்லை. பிளேட்டினால் நேராக அறுத்து எடுத்திருந்தனர். அன்று வரை செலவு 35 ரூபாய்; எஞ்சிய 25 ரூபாயில் 23 அப்பையில் இருந்தது. திரும்பும் பயணச்சீட்டையும் கடவுச்சீட்டையும் இடுப்பில் துணிப்பையிற் கட்டியிருந்தமையால் அவை தப்பின. கையில் இரண்டு ரூபாய். மூன்று நாட்கள் மீதி. தகரத்தில் வடை நான்கு.

அன்றிரவு மொட்டைமாடியிற் படுத்து விண்மீன்களைப் பார்த்தபடி கிடந்தேன். விடிந்தால் தந்தையாரின் திவசம். ஊரில் அம்மா முற்றம் கூட்டி, இலை அறுத்து, ஐயருக்குச் சொல்லி அனுப்பியிருப்பார். மகனுக்குப் பரீட்சை என்று வருவோரிடமெல்லாம் சொல்வார். என் பொய்யை அறியாமலே அவர் ஊர் முழுவதும் சொல்லித் திரிவதை நினைத்தபொழுது, பணம் போன துயரம் சிறிதாயிற்று.

காலையிற் கல்லூரித் தெருவுக்கு நடந்தேன். புத்தகத்தைத் திருப்பித் தருகிறேன், நான்கு ரூபாயாவது கொடுங்கள் என்று அக்கடைக்காரரிடம் கேட்டேன். அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அறுந்த சட்டைப்பையைப் பார்த்தார். எதிர்க் கடையிலிருந்து தேநீரும் ரொட்டியும் வருவித்துத் தந்துவிட்டு, "தேஷ் கொதாய்?" என்று வங்க மொழியிற் கேட்டார், பின்னர் ஆங்கிலத்தில், "உமது தேசம் எது?" என்றார். இலங்கை என்றேன். "அது நாடு. நான் கேட்டது உமது தேசத்தை" என்றார். அப்பொழுதுதான் விளங்கியது. வங்காளிகள் தேஷ் என்று வழங்குவது நாம் ஊர் என்று வழங்குவதையே. என் ஊரின் பெயரைச் சொன்னேன். அவருடைய ஊரைக் கேட்டேன். "பரிசால்" என்றார். அது கிழக்கு வங்காளத்தில், அன்றைக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் வங்காளதேசமாகிய நாட்டில் உள்ளது. அவர் கல்கத்தாவுக்கு வந்தோ இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. எனினும் அவ்வூரையே தம் ஊர் என்றார்.

அன்று மாலை கடையைப் பூட்டிவிட்டு என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். சியால்தா நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கையில், ஒரு மேடையைக் கையாற் காட்டினார். 1950 பெப்ரவரியிற் பரிசாலிற் கலவரம் மூண்டபொழுது, கிராமப் பாடசாலைத் தலைமையாசிரியராயிருந்த தந்தையும் தாயும் பதினைந்து வயதான தாமுமாகப் புறப்பட்டு, ஆற்றுக் கப்பலிற் குல்னாவுக்கும் அங்கிருந்து புகையிரதத்திற் கல்கத்தாவுக்கும் வந்ததையும், அந்நிலைய மேடையிலேயே பல வாரம் கிடந்ததையும் சொன்னார். அவ்வாறு வந்தோரை வங்க மொழியில் உத்வாஸ்து என்பர். வாஸ்து என்னும் சொல் நமக்கும் தெரிந்ததே. குடியிருந்த நிலத்தினின்றும் பிடுங்கப்பட்டவர் என்பது அதன் பொருள். அகதி என்னும் நம் சொல்லிலும் அது நுட்பமாக எனக்குத் தோன்றியது. அன்று அதனை ஒரு சொல்லாக மட்டுமே அறிந்து, கொப்பியிற் குறித்துக்கொண்டேன்.

ஜாதவ்பூரில் அகதிகள் தாமே அமைத்த குடியிருப்பு ஒன்றில் அவர் வீடு. மூங்கிற் தட்டிச் சுவர், தகரக் கூரை, இரண்டு அறை. முற்றத்தில் நான்கு கமுகு. எழுபது வயதுத் தாயாரே அவற்றை நட்டவர். பரிசாலில் வீட்டுக்கு வீடு கமுகந்தோட்டம் உண்டாம். நண்பனின் தாயை வங்காளிகள் மாஷிமா என்று அழைப்பர். தாயின் சகோதரி என்பது பொருள். நானும் அவ்வாறே அழைத்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபொழுது வடமேற்கே வானம் கறுத்து, சித்திரை வைகாசியில் அந்நாட்டில் அடிக்கும் பெரும்புயற்காற்று எழுந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. அம்மூதாட்டி சற்றும் பதறாது, துளசிமாடத்தில் வைக்கவேண்டிய விளக்கை அன்று உள்ளேயே ஏற்றி, கையாற் காற்றை மறைத்துக்கொண்டு இருந்தார்.

மழை ஓய்ந்த பின், மகன் மொழிபெயர்க்க, என்னிடம் பல கேட்டார். உன் வீட்டில் கிணறு உண்டா, குளம் உண்டா, கமுகு உண்டா? கிணறும் பனையும் உண்டு, கமுகும் சில உண்டு என்றேன். "அங்கே மாலையில் விளக்கு ஏற்றுபவர் யார்?" அம்மா என்றேன். "நீ இங்கே இருப்பது அவருக்குத் தெரியுமா?" நான் விடை சொல்லவில்லை. மகன் மொழிபெயர்ப்பதற்கு முன்னரே என் முகத்தைப் பார்த்து அவர் அறிந்துகொண்டார். பின்னர் நான் யாவற்றையும் சொன்னேன். அன்று திவசம் என்பதையும் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு அவர் சொன்னதை மகன் மெல்லச் சொன்னார்: "எங்கள் ஊர் வீட்டில் இப்பொழுது விளக்கு ஏற்றுவோர் உண்டோ இல்லையோ, இருபத்தைந்து ஆண்டுகளாக எனக்குத் தெரியாது. உனக்கு வீடு இருக்கிறது. விளக்கு ஏற்ற ஆளும் இருக்கிறார். இன்றே கடிதம் எழுது."

அன்றிரவே எழுதினேன். மறுநாட் காலையில் விமானக் கடிதத்தாள் வாங்கப் பணம் தந்தவரும் அவரே. முதலில் எழுதிய பொய்யையும், கல்கத்தாவில் இருப்பதையும், பணம் பறிபோனதையும், முன்பின் அறியாத ஒரு வீட்டில் உண்டு உறங்குவதையும் மறைக்காது எழுதினேன். மீதி நாட்களை அவ்வீட்டிலேயே கழித்தேன். அங்கே மீன் சமைத்த சட்டியை விலக்கிவைத்து, எனக்கெனத் தனிச் சட்டியில் சோறும் பருப்பும் ஆக்கினர். எட்டாம் நாள் அவர் ஹௌரா நிலையம் வரை வந்து, வழிச்செலவுக்கு 15 ரூபாயைக் கையில் வைத்தார். புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "படிப்பவனிடம் இருந்து புத்தகத்தை வாங்குவது எங்கள் தந்தையார்க்குப் பிடியாது" என்றார். சென்னை சேர்ந்ததும் பணத்தை அனுப்புவேன் என்று சொல்லி, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் முகவரியை எழுதிக்கொண்டேன். திரும்பும் வழியிற் கோதாவரி வந்தபொழுது, முன்னர் எறியாத 5 பைசாவை எறிந்தேன்.

ஊர் வந்து சேர்ந்தேன். கடிதம் எனக்கு மூன்று நாள் முந்திப் போயிருந்தது. அம்மா ஏசவில்லை. "அந்த வீட்டாருக்குக் காசை அனுப்பிவிட்டியோ?" என்று மட்டும் கேட்டார். அனுப்புவேன் என்றேன். பண்டிதரைச் சென்று கண்டேன். அவர் திண்ணையில் இருந்தபடி பேலூரையும் தட்சிணேசுவரத்தையும் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். பிறந்த வீட்டின் நிலையைக் கேட்டுச் சற்றுக் கண்ணை மூடிக்கொண்டார். முடிவில் அவரும் கேட்டார்: "கடனைத் தீர்த்தாயா?"

தீர்க்கவில்லை. சென்னையில் தோழனிடம் விட்டுவைத்த பணத்திலிருந்து 15 ரூபாய் அனுப்பியிருக்கலாம்; ஊரிலிருந்து திரும்பியதும் அனுப்பலாமென்று விட்டேன். திரும்பியதும் விடுதிக் கட்டணம், பின்னர்ப் பரீட்சை, அதன் பின் வேறொன்று. அங்கே படித்து முடித்து ஊருக்கே வந்துவிட்ட பின், இங்கிருந்து பணம் அனுப்பச் செலாவணிக் கட்டுப்பாடு குறுக்கே நின்றது. ஒரு நன்றிக் கடிதமாவது எழுதியிருக்கலாம். பணமின்றி வெறுங்கடிதம் எழுத வெட்கப்பட்டு, வெட்கத்தாலேயே ஆண்டுகள் கழிந்தன. இத்துணையும் சாக்குகள் என்பதை நான் அறிவேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் மாலை. வலிகாமத்து மக்கள் யாவரும் ஒரே இரவிற் பெயர்ந்தமையை இம்மலரைப் படிப்போரிற் பலர் தாமே அநுபவித்திருப்பர். அதனை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாங்கள் சைக்கிளிற் பையைக் கட்டிக்கொண்டு படலையைத் திறக்கும்பொழுது அம்மாவைக் காணவில்லை. உள்ளே சென்று பார்த்தேன். சுவாமி அறையில் விளக்கை ஏற்றிவிட்டு அதன் முன்னே நின்றார். "நாளைக்கு ஆர் இந்த விளக்கைக் கொளுத்துறது?" என்றார். இருபது ஆண்டுகளுக்கு முன், தகரக் கூரையின் கீழ், எனக்கு விளங்காத மொழியிற் கேட்ட கேள்வியின் பொருள் அப்பொழுதே எனக்கு முழுமையாக விளங்கியது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் அடிமேல் அடி வைத்து நகர்ந்த அவ்விரவு முழுவதும், கொப்பியிற் குறித்த அந்தச் சொல் என் கூடவே வந்தது.

தென்மராட்சியில், எங்களை அறியாத ஒரு குடும்பத்தார் தம் வீட்டில் ஓர் அறையை ஒழித்துத் தந்தனர். வீட்டுக்காரர் முதலிற் கேட்ட கேள்வி, "எந்த ஊர்?" என்பதே. வாடகை வாங்க மறுத்துவிட்டார். ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து, 1996இல் வீடு திரும்பினோம். கூரையில் ஓடுகள் இல்லை, சுவர்கள் நின்றன. அம்மா சுவாமி அறையைக் கூட்டி, எங்கோ ஒரு சிட்டி விளக்கைத் தேடியெடுத்து ஏற்றினார். பரிசாலை விட்டு வந்த அந்த மூதாட்டிக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. புத்தக அலுமாரியைத் தேடினேன். பொருளியல் நூலும் இல்லை. கணக்குக் கொப்பியும் இல்லை. கடைசிப் பக்கத்து முகவரியும் அதனோடு போயிற்று. கடன் கொடுத்தவர் இருந்தால் இன்று தொண்ணூறு வயதாயிருக்கும்.

கல்கத்தாவும் மாறிவிட்டது. 2001 முதல் அதன் பெயர் கொல்கத்தா. இந்தியாவின் முதலாவது சுரங்கப் புகையிரதம் 1984இல் அங்கேதான் ஓடத் தொடங்கியது. இன்றைய மாணவர் கையடக்கத் தொலைபேசியிலேயே அறையையும் வண்டியையும் பதிவு செய்துகொண்டு, செல்லும் இடமெல்லாம் வழி பிசகாது செல்கின்றனர். அது நன்றே, நான் அதனைக் குறை சொல்லேன். அவர்களிடம் மூன்று சொற்களை மட்டும் சொல்ல விரும்புகிறேன். கையில் இருக்கும் பணம் சிறிதாயினும் உலகத்தைப் போய்ப் பாருங்கள். பணம் மிகுதியாய் இருந்திருப்பின் நான் அந்தத் தட்டிவீட்டைக் கண்டிருக்கமாட்டேன். போகுமுன் வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள். வழியில் ஒருவர் உங்களுக்குச் செய்த உதவியை ஊர் திரும்பிய அன்றே நன்றியோடு திருப்பிவிடுங்கள். நாளைக்கு என்று வைத்தால் முகவரி தொலைந்துபோகும்.

பண்டிதர் கேட்ட கேள்விக்கு அன்று நான் மழுப்பி விடை சொன்னேன். அவர் இன்று இல்லை, அம்மாவும் இல்லை. இல்லை ஐயா, இன்னும் தீர்க்கவில்லை என்னும் விடையை, அவர் கற்பித்த கல்லூரியின் மலரிலேயே எழுதி வைக்கிறேன். என்னை அங்கே அனுப்பிவைத்த கல்லூரி நீடு வாழ்க.